மோன்வேர் கோட்டை அகழியில் ஒரு முழுக்கு

ஐப்பசி மாதத்து அந்திப் பொழுது. பிரெஞ்சு தேசத்தின் மார்பில் முத்துவடம் போலச் சாய்ந்தோடும் லுவார் நதியின்மீது, முற்றாத நிலவொன்று சிக்கனமாகப் பால் தெளித்துக் கொண்டிருந்தது. கரையிலிருந்து தொடங்கிய கருவாலிக் காடோ, இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, பழனிக்குப் போய்வந்த குடும்பத்தைப் போல ஒட்டுமொத்தமாக மொட்டையடித்துக் கொண்டு நின்றது. அதற்கப்பால், கவிழ்த்து வைத்த தொன்னைகளை ஒத்த கூம்புக் கூரைகளோடு, அகழி சூழ எழுந்து நின்றது மோன்வேர் கோட்டை.

காட்டுப் பாதையில் இரண்டு குதிரைகள் வந்தன. முன்னதில் வந்தவன் இளஞ்சிங்க வாணாதிராயன். மறவர் சீமையின் கீழைக்குறிச்சிப் பாளையத்துப் படைத்தலைவன். பின்னதில் வந்தவன் புதுவைத் துபாஷி ராயப்பன். பிரெஞ்சுக்காரர்களே வாய்பிளக்கும்படி பிரெஞ்சு பேசுபவன் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"எசமான், இந்த மரமெல்லாம் பட்டுப்போச்சா?" என்றான் ராயப்பன், பல் கிடுகிடுக்க.

"சித்திரையில் மறுபடி துளிர்க்குமாம். கப்பலில் சொன்னார்கள்."

"கப்பல்ல சொன்னதுல ஒண்ணாவது நெசமா இருந்திருக்கா?"

அன்பார்ந்த வாசகர்களே, இவ்விருவரும் ஏன் கடல் கடந்து வந்து மொட்டைக் காட்டில் நடுங்குகிறார்கள் என்று கேட்பீர்கள். கீழைக்குறிச்சிப் பாளையக்காரருக்கு ஒரே மகள், செண்பக நாச்சியார். யுத்தம் மூண்டபோது, புதுவையில் தளபதியாயிருந்த மோன்வேர் பிரபுவிடம் அவளை அடைக்கலமாக விட்டிருந்தார். அந்த உத்தமரோ, உத்தியோகம் முடிந்து ஊர் திரும்புகையில், பெட்டி படுக்கைகளோடு அடைக்கலத்தையும் கப்பலேற்றிக் கொண்டு வந்துவிட்டார். நாச்சியார் திரும்பாவிட்டால் பாளையம் சிற்றப்பன் கைக்குப் போய்விடும். வாணாதிராயனுக்குப் போவது பாளையம் மட்டுமன்று. நாச்சியார் அவனுடைய மாமன் மகள். பிள்ளைப் பிராயத்திலேயே அவனுக்கென்று பரிசம் போடப்பட்டவள்.

தூக்குப் பாலத்தில் பிரபு தாமே வந்து நின்று வரவேற்றார். வெண்மாவு தூவிய பொய்முடி, வெள்ளிப் பூண் பிடித்த கைத்தடி. புதுவையில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர்தான். ஆனால் தம் மாளிகையின் மதுக்கிடங்கைத் தாண்டி நம் தேசத்தை அவர் கண்டதில்லை. வந்த காரியத்தைக் கேட்டதும் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு ஏதோ சொன்னார். ராயப்பன் அதைத் தமிழாக்காமல் தரையைப் பார்த்தான்.

"என்ன சொல்கிறார்?"

"வேணாம் எசமான். திரும்பிப் போயிடலாம்."

"ராயப்பா!"

"நாச்சியாரம்மா போன மாசியில காய்ச்சல் கண்டு தவறிட்டாங்களாம். அதோ, அகழிக்கு அந்தாண்ட தெரியுதே சின்னக் கோயில், அதுல அடக்கம் பண்ணியிருக்காராம்."

வாணாதிராயன் அழவில்லை. இடி விழுந்த பனையைப் போல் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு தலைப்பாகையைக் கழற்றினான், வாளை அவிழ்த்தான், இரண்டையும் ராயப்பன் கையில் கொடுத்தான். பாலத்தின் விளிம்புக்குப் போய், தெற்கு எதுவென்று ஒரு கணம் நிதானித்து, பாசி படர்ந்த அகழிக்குள் குதித்தான்.

துக்கச் செய்தி கேட்ட நம்மவர், அது எவ்வளவு பழைய செய்தியானாலும், தலையில் தண்ணீர் விட்டுக்கொள்ளாமல் ஒரு வாய் சோறு உண்பாரோ? உண்ணார். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிரபுவுக்குத்தான் விளக்கியிருக்க வேண்டும்.

ஏனெனில், அக்காலத்துப் பிரெஞ்சுப் பிரபுக்கள் தண்ணீரை ஓவியத்தில் தீட்டுவார்கள், பூங்காவில் பீச்சி அடிப்பார்கள். உடம்பில் மட்டும் படவிடமாட்டார்கள். வைத்தியர்களின் கடுந்தடை. மோன்வேர் பிரபு தம் ஆயுளில் நனைந்தது இருமுறை: ஞானஸ்நானத்தின்போது ஒன்று, புதுவைக் கரையில் தோணி கவிழ்ந்தபோது மற்றொன்று. பின்னதற்காகத் தோணிக்காரனுக்குச் சவுக்கடி கொடுத்தவர். ஆகவே ஐப்பசிக் குளிரில் ஒருவன் மனமுவந்து அகழியில் இறங்கினால், அது உயிரை மாய்த்துக்கொள்வதன்றி வேறில்லை என்பது அவருடைய துணிபு. அவர் மார்பில் சிலுவைக் குறி இட்டார், பிறகு புன்னகைத்தார், பிறகு, இன்ப அதிர்ச்சி தாளாதவராய், மாடிப்படிகளில் விழுந்தடித்து ஏறினார். எதற்கென்பது சற்றுப் பொறுத்தால் தெரியும்.

முழுக்குப் போட்ட வாணாதிராயன் அகழியின் அக்கரையில், கோயில் படியோரம் எழுந்தான். பாலத்தைச் சுற்றிக்கொண்டு ராயப்பன் ஓடி வந்தான்.

"மேலே வாங்க எசமான்! உடம்பெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்கு!"

"அவளுடைய கல்லறையைக் காட்டு. ஒரு விளக்காவது ஏற்றிவிட்டுப் போகிறேன்."

பக்கவாட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே, வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் வழியே நுழைந்த நிலவு, தரையில் செம்பருத்தியும் நீலோற்பலமுமாகச் சிந்திக் கிடந்தது. அடுத்த அடியில் வாணாதிராயன் திடுக்கிட்டுப் பின்வாங்கினான். சுவரோரமாக வரிசையாய் மனிதர்கள் மல்லாந்து படுத்துக் கைகூப்பியிருந்தார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு நாய்.

"யார் இவர்கள்? ஏன் எழுந்திருக்கவில்லை?"

"கல்லு எசமான். பொதைச்சவங்களைச் செதுக்கி மேலேயே படுக்க வச்சிடுவாங்க." ராயப்பன் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து எழுத்தைக் கூட்டிப் படித்தான். "இவரு இந்தப் பிரபுவோட பாட்டன்... இவரு அவருக்கும் பாட்டன்... எல்லாம் கெழவனுங்க. அம்மா பேரு எதுலயும் இல்லீங்களே!"

அச்சமயம் தலைக்குமேல் மணி கணகணத்தது. வாசலில் தீவட்டிகள் தெரிந்தன. இருவரும் பாட்டனுக்குப் பாட்டனின் கல்லறைக்குப் பின்னே பதுங்கினார்கள்.

கோட்டை விருந்துக்கு வந்திருந்த பிரபுக்களும் சீமாட்டிகளும் பட்டும் சரிகையுமாக உள்ளே வந்து இடம் பிடித்தார்கள். பீடத்தின் முன் பாதிரியார் வந்து நின்றார். அவர் பக்கத்தில் பிரபுவின் தங்கை மகன் கஸ்தோன், மணமகன் கோலத்தில் மீசையை நீவிக்கொண்டிருந்தான். கூட்டமோ மணமகனைப் பார்க்கவேயில்லை. பேயறைந்தாற்போல் ஒருவர் காதில் ஒருவர் குசுகுசுத்தது.

"என்னடா பேசிக்கொள்கிறார்கள்?"

"கல்யாணப் பொண்ணு... குதிரைத் தொட்டியில எறங்கிக் குளிச்சிடுச்சாம் எசமான். தாதிங்க காலைப் புடிச்சுக் கெஞ்சியும் கேக்கலையாம். ஒரு பாட்டியம்மா மயக்கம் போட்டுடுச்சாம்."

மணமகள் வந்தாள். முகத்தை மறைத்த வெண்திரை ஈரத்தில் தோளோடு ஒட்டியிருந்தது. அதன் கீழே பிரிந்து கிடந்த கருங்கூந்தல் முழங்காலைத் தொட்டது; நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கற்தரையில் நீர் விழுந்தது. பிரபு அவள் அருகே நின்று, வெற்றிக் களிப்பை மறைக்க முடியாமல் கைத்தடியைத் திருகிக் கொண்டிருந்தார்.

வாணாதிராயன் கணக்குப் போட்டான். இந்தத் தேசத்தில் இன்று நனைந்தது இரண்டே தலைகள். ஒன்று அவனுடையது. அப்படியானால் அந்த மற்றத் தலை எந்த ஊர்த் தலை? பூவில்லை, பின்னலில்லை, மணமேடைக்கு முழுகிய தலையா அது? துக்கம் கேட்டு முழுகிய தலையல்லவா!

"சம்மதமா மகளே?" என்று பாதிரியார் பிரெஞ்சில் கேட்டார்.

"நாச்சியார்!" என்றான் வாணாதிராயன், கல்லறைக்குப் பின்னிருந்து எழுந்து.

அவன் இருந்த கோலத்தை மறந்துவிடாதீர்கள். உடம்பெல்லாம் நீலம், தோளில் பாசி, காதோரம் ஒரு நத்தை. அகழியில் மாண்டவனின் ஆவி பாட்டனின் கல்லறையைப் பிளந்துகொண்டு எழுந்துவிட்டதென்று பிரபு அலறிய அலறலில் அவருடைய பொய்முடி கழன்று விழுந்தது. அரைக்கணத்தில் கோயில் காலி. பாதிரியார் மட்டும், கடமை தவறாதவர், வேதப் புத்தகத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பீடத்தடியில் அமர்ந்தார்.

கஸ்தோன் ஓடவில்லை. கால் ஓட மறுத்திருக்கலாம். எப்படியாயினும் வாளை உருவிப் பாய்ந்தான். வாணாதிராயன் விலகி, அந்த மணிக்கட்டைப் பற்றினான். பனிக்கட்டியை ஒத்த அந்த விரல்கள் பட்ட மாத்திரத்தில் வீரன் வாளைப் போட்டான். அப்படியே சாய்ந்து, கல் நாயொன்றைக் கட்டிக்கொண்டு கிடந்தான்.

நாச்சியார் திரையை விலக்கினாள். அவள் உதடும் நீலம் பாரித்திருந்தது.

"அத்தான்... உயிரோடுதான் இருக்கிறீரா?"

"நான் இருக்கிறேன். நீதான் மாசியிலேயே போய்விட்டாயாம்."

"அத்தான் உயிரோடிருக்கும்வரை வேறொருவருக்குச் சம்மதம் சொல்லேன் என்று இத்தனை காலம் மறுத்து வந்தேன். சற்று முன் பிரபு ஓடி வந்து, நீர் அகழியில் விழுந்து மாண்டதைக் கண்ணால் கண்டேன் என்று சத்தியம் செய்தார். உமக்காகத் தலை முழுகினேன். அந்தத் தொட்டியில் பனி மிதந்தது, தெரியுமா?"

"எனக்கு வாய்த்தது பாசி. நான் உனக்காக முழுகினேன்."

அவள் அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். அவன் காதோர நத்தையை இரு விரலால் எடுத்துப் பாட்டனின் மூக்கின்மேல் வைத்தாள்.

"எங்கேயும் யாரும் குளிக்காத ஊரில் வந்து குதித்தீரே, கெட்டிக்காரர்தான்!"

"அம்மா, கொஞ்சுறதை ஆத்துல கட்டி வச்சிருக்கிற நம்ம படகுல வச்சுக்கலாமே! பேய் இல்லைன்னு தெரிஞ்சா துப்பாக்கியோட வருவானுங்க!" என்று ராயப்பன் பின்னாலிருந்து தள்ளினான்.

குதிரைகள் மொட்டைக் காட்டைக் கிழித்துக்கொண்டு பறந்தன. கோட்டை மணி வெறிபிடித்தாற்போல் அலறியது. ஆனால் பின்தொடர்ந்தவர்கள் ஆற்றங்கரையோடு நின்றுவிட்டார்கள். தண்ணீரில் இறங்க அவர்களில் எவரும் துணியவில்லை. அரசனே வந்து கட்டளையிட்டாலும் துணிந்திருக்கமாட்டார்கள்.

படகு லுவாரின் நடுவோட்டத்தில் கடலை நோக்கித் திரும்பியது. ஒரே கம்பளிக்குள் இரண்டு ஈரத் தலைகள் நடுங்கிக் கொண்டிருந்தன. நாச்சியார் கையை நீட்டி ஆற்று நீரை அள்ளினாள்.

"அத்தான், நீரும் அள்ளும். இந்த நதி சாட்சியாக ஒரு சபதம்."

அவன் அள்ளினான்.

"நாளைக்கு நீர் போனாலும் நான் போனாலும், மிஞ்சியிருப்பவர் மற்றவருக்காகத் தலை முழுகுவதில்லை. அந்தக் கடன் இன்றைக்கே இருவருக்கும் கழிந்தது."

"ஊரார் கேட்டால்?"

"ஏற்கெனவே முழுகியாயிற்று என்று சொல்லும்."

"சபதம்," என்றான் வாணாதிராயன்.

இருவர் கைநீரும் லுவாரில் ஒன்றாக விழுந்தது. பிறகு அவள் கம்பளியின் ஓரத்தை எடுத்து அவன் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.