கம்பைல் முடிந்தால் கிளம்பிவிடுவார்

எண்பத்தேழில், மறியலுக்காக மரங்களை வெட்டிச் சாலையெல்லாம் போட்டிருந்த வாரம். சர்க்கரை ஆலை ஜீப் தியாகதுருகத்தைச் சுற்றி, வண்டிப் பாதைகளில் புகுந்து புறப்பட்டு என்னைக் கம்ப்யூட்டர் அறை வாசலில் இறக்கியது.

"எழில்மதிம்மா, பொழுதோட கௌம்பிடணும். ஆரன் அடிக்கிறேன், வந்துடு" என்றார் டிரைவர் ராஜாங்கம்.

சன்னலே இல்லாத அறை. ஏசிக் குளிரும் சூடேறிய ஒயர் வாடையும் எப்போதும் இருக்கும். இரண்டு பீரோ அளவில் ஒரு பழைய மினி கம்ப்யூட்டர். விவசாயிகளுக்குக் கரும்பு வெட்ட கட்டிங் ஆர்டர் போடும் புரோகிராமைத் திருத்தியிருந்தேன். அதை மிஷினுக்குப் புரியும்படி மாற்ற 'கம்பைல்' என்று கட்டளை கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். மகாராணி ஆடி அசைந்து அரை மணி நேரம் எடுத்துக்கொள்வாள். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான். அதனால் யாரும் பாதியில் எழுந்து போவதில்லை.

மணலூர்பேட்டையில் என் அப்பாவின் கரும்பு ஆர்டர் வராமல் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அந்தக் கவலைதான்.

கட்டளை கொடுத்தேன். முடியப்போகும் நேரத்தில் நின்றது. திரையில் இங்கிலீஷில் ஒரு வரி: ஆபரேட்டர் நிறுத்திவிட்டார்.

ஆபரேட்டர் நான்தான். என் கைகள் மடியில் இருந்தன.

மறுபடி கொடுத்தேன். மறுபடியும் அதே வரி. அடுத்த முறை கீபோர்டையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கீ தானாக அமுங்கியது.

வெளியே ஓடி ராஜாங்கத்திடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பீடியைக் கீழே போட்டார்.

"போன வருஷம் மறியல் அப்போ சின்னதுரை சார் அந்த சீட்லதாம்மா இருந்தாரு. வூட்டுக்குப் போங்க சார்னா, கம்பைல் முடிஞ்சதும் கௌம்பறேன்னு சொல்லிக்கினே இருந்தாரு. முடிஞ்சிது. வண்டிய எடுத்தாரு. இருட்டுல ரோட்ல மரம் கெடந்தது தெரியல."

எனக்குப் புரிந்தது. முடிந்தால் அவர் அந்த ரோட்டில் கிளம்ப வேண்டும். அதனால்தான் முடிக்க விடவில்லை.

அப்படியே ஜீப்பில் ஏறியிருக்கலாம். அப்பாவின் முகம் விடவில்லை. உள்ளே போய்க் கட்டளை கொடுத்தேன். பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசினேன்.

"சார், முடிஞ்சாலும் நீங்க போவ வேணாம். ரோடு சரியில்ல. இங்கியே இருங்க சார்."

என் காதருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

கம்பைல் முடிந்தது.

புரோகிராமை ஓட்டினேன். பிரிண்டர் கட்டிங் ஆர்டர்களை அடிக்கத் தொடங்கியபோது சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். அப்பாவின் ஆர்டரும் வந்தது. வெளியே ஜீப் ஆரன் கேட்டது. எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டேன்.

திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

ரோடு சரியில்லை. நீயும் போகாதே.

பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "அண்ணா!" என்று கத்தினேன். ராஜாங்கம் ஓடி வரும் சத்தம் கேட்டது. கதவு குலுங்கியது. ஒரு விரற்கடை திறந்து, பட்டென்று மூடிக்கொண்டது. அவர் மறுபடி இழுத்தார். மறுபடி மூடிக்கொண்டது.

"கதவ வுடும்மா!" என்றார் வெளியிலிருந்து. "நீ உள்ள புடிச்சி இழுத்துக்கினு இருந்தா நான் எப்டிம்மா தொறக்கறது?"

நான் அறையின் மறு கோடியில் நின்றுகொண்டிருந்தேன்.