மூன்று பக்கச் சட்டம்

புல்லுக்குள்ளிருந்து வந்த அண்ணியின் குரலில் வழக்கமான இருமல் இல்லை. அதை அவள் கவனித்தபோது நாலாவது தாள் நிரம்பியிருந்தது.

கல்லுடைத்துக் கைவிட்ட மேட்டில் பழைய புல்வெளியைத் திரும்பக் கொண்டுவருகிற வேலை. ஆறு வருடமாக அந்நியச் செடிகளைப் பிடுங்கிப் பிடுங்கி அவளுக்கும் அண்ணிக்கும் முதுகு வளைந்ததுதான் மிச்சம். வாசல் பலகைப் படத்தில் திட்ட இயக்குநர் மட்டும் நிமிர்ந்து நின்றார், எந்தச் செடியைவிடவும் உயரமாக. அந்த மண்ணுக்கே உரிய நாற்பது வகை தேறினால்தான் வேலை நீடிக்கும். போன மாதம்வரை முப்பத்தொன்று.

எண்ணும் முறை எளிது. ஒரு பக்கம் திறந்த மரச்சட்டத்தைப் புல்லுக்குள் செருகி, மண்டியிட்டு, அதற்குள் இருக்கும் செடியின் பேரையும் எண்ணிக்கையையும் அண்ணி சொல்வாள். பாதையில் உட்கார்ந்து இவள் திருப்பிச் சொல்லி எழுதுவாள். அந்நியச் செடிக்குப் பேர்கூடக் கிடையாது, 'வெளிச்செடி', அவ்வளவுதான். இவள் திருப்பிச் சொன்னதும் அண்ணி வேரோடு பிடுங்கிவிடுவாள். இன்று மதியத்துக்கு மேல், தலை உயரப் புல்லின் காய்ந்த வாடையும் ஓயாத உரசலும் கண்ணைச் சொருக, இவள் நிமிராமலே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"துத்தி, மூணு."

"துத்தி, மூணு."

"யாருகிட்டடி பேசுற?"

முதுகுக்குப் பின்னால், தண்ணீர் பாட்டிலோடு, இருமிக்கொண்டே அண்ணி.

"நீங்க உள்ளதானே இருந்தீங்க, அண்ணி?"

"குழாயடிக்குப் போயி அரைமணி ஆச்சு. தூக்கத்துலயே எழுதினியா? டைரக்டரு அதுக்கும் ஒரு விழா வெப்பாரு." தாளை வாங்கிப் பார்த்தவளின் முகம் மாறியது. "இதுல பாதி அழிஞ்சு போனதாச்சே. நாம விதைக்கவே இல்லயே."

"போயிரலாம் அண்ணி."

"இதையும் சேத்தா நாப்பத்திமூணு வருதுடி. இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நான் வேற எங்க வேல தேடுறது? பாத்துட்டு வந்துடறேன்."

புல் விலகியது. மூடிக்கொண்டது. இருமல் பத்தடியில் கேட்டது, பிறகு முப்பதடியில். புல்வெளி மொத்தமே அறுபதடி அகலம்தான். இருமல் நூறடியிலும் கேட்டது, இருநூறிலும் கேட்டது.

நின்றது.

உரசலும் நின்றது. காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி?"

பதில் பக்கத்திலிருந்து வந்தது. நிதானமாக. இருமல் இல்லாமல்.

"வெளிச்செடி, ஒண்ணு."

ஆறு வருடப் பழக்கம். களைத்த வாய் தானாகத் திறந்தது.

"வெளிச்செடி, ஒண்ணு."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஈர மண்ணிலிருந்து ஆணிவேர் பிய்ந்து வருகிற சத்தம். மெதுவாக. மிக நீளமாக. நடுவில் ஒரே ஒரு இருமல்.

பிறகு புல்லடியிலிருந்து மரச்சட்டம் வெளியே வந்தது. தரையோடு தரையாக. பிடித்திருக்கும் கை எதுவும் தெரியவில்லை. அவள் பாதங்களுக்கு இருபுறமும் நுழைந்து, கொஞ்சம் நகர்ந்து, சரி பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது.

"வெளிச்செடி, ஒண்ணு."

கால் எழவில்லை. அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கைகள் இப்போதே வலித்தன. காற்றுக்கு எதிராக, புல்வெளி முழுவதும் அவள் பக்கம் சாய்ந்து, காத்திருந்தது.