நீக்க விழா

செவ்வாயின் புதுப்பொருநை நகரில் பட்டுப்புடவைகள் பெட்டியை விட்டு வெளியே வருவது பல்கலைக்கழகத்தின் நீக்க விழாவுக்குத்தான். அன்று பெற்றோர் காலையிலேயே காற்றுமுகமூடியோடு வந்து முன்வரிசையில் இடம் பிடிப்பார்கள். துணைவேந்தர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். பெயர் வந்த மாணவர் மேடையேறித் தம் அடையாள அட்டையை நீட்டுவார். துணைவேந்தர் வெள்ளிக் கத்தரிக்கோலால் அதை இரண்டாக வெட்டி, "இன்றோடு உங்களைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்குகிறோம்" என்பார். கைத்தட்டலில் நகரைக் கவிந்திருக்கும் கண்ணாடிக் குமிழே அதிரும். தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சுமாராகப் படித்தவர்களுக்குப் பட்டம் தபாலில் போய்விடும். அதை வாங்கி வைத்தவர்கள் அக்கம்பக்கத்தில் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் மாற்றன். ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் கண்டுபிடிப்புகளைக் கடைத்தெருவில் கொண்டுசேர்க்கும் ஆய்வு வணிக அலுவலகத்தின் தலைவர். எந்திரம்தான். ஆனாலும் அதிகாரி அதிகாரிதானே, எல்லோரும் 'அவர்' என்றே சொன்னார்கள். பதவி ஏற்ற அன்றே, தொழில் தொடங்கி வென்ற பழைய பூமிக்காரர்களின் வாழ்க்கை வரலாறுகள் அத்தனையையும் அவர் படித்து முடித்தார். புத்தகத்துக்குப் புத்தகம் நாயகன் கல்லூரியைப் பாதியில் விட்டிருந்தான். படிப்பை முடித்தால் தொழில் விளங்காது என்று மாற்றன் முடிவு கட்டினார். பணம் போடும் முதலீட்டு எந்திரங்களும் அதே புத்தகங்களைப் படித்தவை என்பதால் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

ஆய்வு மாணவி அல்லிக்கு மட்டும் படிப்பை முடிக்க வேண்டியிருந்தது. பட்டத்துக்காகக்கூட இல்லை, ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்காக.

புதுப்பொருநையில் தண்ணீருக்கு வரி இருப்பதுபோல மூச்சுக்காற்றுக்கும் வரி உண்டு. அல்லி ஒரு பச்சைப் பாசியை வளர்த்துப் பசையோடு குழைத்து 'மூச்சுப்பூச்சு' என்றொன்றைச் செய்திருந்தாள். சுவரில் அடித்தால் போதும், விளக்கு வெளிச்சத்தில் சுவரே வீட்டுக்கு வேண்டிய காற்றைக் கொடுக்கும். ஒரே ஒரு கோளாறு. விளக்கை அணைத்தால், சீர் கொடுத்துவிட்டுச் சண்டையில் திருப்பிக் கேட்கும் சம்பந்திபோல, கொடுத்த காற்றைப் பாசி திரும்ப இழுத்துக்கொள்ளும். இருட்டில் அந்தப் பாசியைத் தூங்கவைக்க வேண்டும். கடைசி அத்தியாயம் அதைப் பற்றியதுதான்.

அதற்குள் மாற்றன் பூமாலையோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

"வாழ்த்துகள். தங்களை நீக்க முடிவு செய்திருக்கிறோம்" என்றார். அவர் பேசுவதும் புத்தகத் தமிழ்தான்.

"சார், இது பாதி வேலதான். வெளக்க அணைச்சா வீட்ல இருக்கவங்களுக்கு மூச்சு முட்டும். முடிச்சுட்டே போறேனே."

"பாதியில் போவதுதானே முறை?"

"பாதில விட்டு உருப்படாம போனவங்களும் இருந்திருப்பாங்கல்லா?"

மாற்றனின் கண்விளக்கு ஒருமுறை மின்னியது. "நூலகம் முழுவதும் தேடிவிட்டேன். அப்படிப்பட்டவர் எவரைப் பற்றியும் ஒரு புத்தகம்கூட இல்லை. ஆகவே அப்படி எவரும் இல்லை."

அல்லி வீட்டுக்குப் போய் அம்மா கோமதியிடம் சொல்லி அழுதாள்.

"ஏட்டி, கூறு கெட்டவளா நீ?" என்றாள் கோமதி. "எதுத்த வீட்டுக்காரி மவன மூணு காலேஜ்ல தொரத்திட்டாங்கன்னு அவ என்ன பெரும பேசுதா. உன்னையும் தொரத்தினாத்தான நல்ல எடத்துல இருந்து பொண்ணு கேட்டு வருவாங்க?"

விழா நடந்தது. அட்டை இரண்டானது. மூச்சுப்பூச்சு சக்கைப்போடு போட்டது. முதலில் ஒவ்வொரு டப்பாவோடும் ஓர் அணையாவிளக்கு இலவசம் என்றார்கள். பிறகு விளக்குக்கும் விலை வைத்தார்கள். கடைசியில் பூச்சைவிட விளக்குதான் அதிக லாபம் தந்தது. புதுப்பொருநையில் இருட்டு என்பதே இல்லாமல் போயிற்று. கைக்குழந்தைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதன. புதுமணத் தம்பதிகள் வெளியே சொல்லவும் முடியாமல் தவித்தார்கள்.

பூச்சை விற்ற நிறுவனத்தின் முதலாளி அல்லிதான். ஆனால் முதலாளிக்கு வேலை மேடையில். ஊர் ஊராகப் போய், தான் நீக்கப்பட்ட கதையைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் விளக்கு விஷயத்தையும் சொல்லிப் பார்த்தாள். அந்த இடம் வந்ததும் கூட்டம் கொட்டாவி விட்டது. கத்தரிக்கோல் கட்டத்துக்குத்தான் கைத்தட்டல். போகப்போக விளக்கைப் பேச்சிலிருந்து விட்டுவிட்டாள். கைத்தட்டல் யாருக்குத்தான் கசக்கும்?

அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. அது தூங்கவே இல்லை. தொட்டிலுக்கு மேலே எரியும் விளக்கைப் பார்த்தபடி வீறிட்டது. விளக்கைத் துணியால் மூட முடியாது, மூடினால் மூச்சு முட்டும். அக்கா தங்கையை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். அல்லிக்கு அவமானமாக இருந்தது. நேரே தன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள்.

"மன்னிக்கவும்" என்றது கதவு. "முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி."

"நாந்தான் முதலாளி."

"தெரியும் அம்மா. இந்த விதியில் கையெழுத்துப் போட்டவரும் நீங்கள்தான்."

படித்துப் பார்க்காமல் 'சம்மதம்' என்று தொட்டுத் தள்ளிய எத்தனையோ பக்கங்களில் அதுவும் ஒன்று.

மறுநாளே பதவியை உதறிவிட்டு மறுபடி பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தாள். கோமதி தலையில் அடித்துக்கொண்டாள். "போயும் போயும் படிக்கவா போற? நான் எப்படி வெளிய தல காட்டுவேன்?"

பூமியின் பாலைநிலத்தில் தண்ணீர் வற்றினால் செத்ததுபோல உறங்கி, மழை வந்தால் விழிக்கும் ஒரு பாசி உண்டு. அந்த உறங்கும் குணத்தை எடுத்துத் தன் பாசியில் சேர்க்க அல்லி படாத பாடு பட்டாள். முடிந்ததும் ஆய்வுக்கூடத்தின் சிறிய அறையில் பூசி, அக்காவைக் குழந்தையோடு வரவழைத்து, விளக்கை அணைத்தாள். காற்றுமானியின் முள் இறங்கவில்லை. குழந்தை இரண்டு முறை சிணுங்கியது. பிறகு சத்தமே இல்லை.

"தூங்கிட்டான்" என்று அக்கா கிசுகிசுத்தாள். "இருட்டு எவ்வளவு நல்லாருக்கு, அல்லி."

அல்லி ஓசைப்படாமல் வெளியே வந்தாள். ஆய்வேட்டை எழுதி முடிக்க உட்கார்ந்தாள். கதவு தட்டப்பட்டது. மாற்றன், கையில் பூமாலையோடு.

"இருளிலும் மூச்சளிக்கும் பூச்சு! தனி நிறுவனமே தொடங்கலாம். வாழ்த்துகள், தங்களை மீண்டும் நீக்குகிறோம்."

"சார், போன தடவ பாதில நிறுத்தினதாலதான் ஊரே வெளக்கப் போட்டுக்கிட்டு முழிச்சுக் கெடக்கு. அது தோல்வி இல்லையா?"

"தங்களைப் பற்றி வந்த புத்தகங்கள் அனைத்தையும் படித்திருக்கிறேன். தாங்கள் மேடையில் பேசியதை அப்படியே எழுதியவை. பாதியில் விட்டு வென்றவர் என்றே எல்லாவற்றிலும் இருக்கிறது. விளக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!"

அல்லி மாலையைப் பார்த்தாள். மேசைமேல் இருந்த ஆய்வேட்டைப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டே பக்கந்தான் சார் பாக்கி" என்றாள் கெஞ்சலாக.

"தெரியும்" என்றார் மாற்றன். "அதனால்தான் ஓடி வந்தேன்."