கொட்டியதே இல்லை என்றவன்

"யாரையாவது முன்னாடி குளவி கொட்டி உடம்பு தடிச்சிருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. மேல ஏறினப்புறம் சொல்லிப் பிரயோஜனமில்ல" என்றார் குழுத் தலைவி ஆக்னஸ்.

"இல்லக்கா" என்றான் ஆய்வாளன் நவநீதன்.

"எனக்கும் ஒண்ணுமில்லீங்க" என்றார் தேன் எடுப்பவரான வழிகாட்டி காளியப்பன்.

ஜவ்வாது மலையில் மஞ்சப்பாறை உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கதண்டுக் கூடு. கதண்டு என்றால் குளவிகளிலேயே பெரியது, பொல்லாதது. அதன் விஷப் புரதங்கள் கிடைத்தால், ஒரே கொட்டில் மயங்கி விழக்கூடியவர்களை ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே கண்டறியலாம். மூவரும் தேடிப் போன புதையல் அதுதான்.

நவநீதன் சொன்னது பச்சைப் பொய். எட்டு மாதத்துக்கு முன் ஒரு சின்னக் குளவி கொட்டி, உடம்பெல்லாம் தடித்துத் தொண்டை இறுகியிருந்தது. சொன்னால் ஆக்னஸ் அவனை விட்டுவிட்டுப் போய்விடுவார். அது வேறு இனம், இது வேறு இனம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். படித்தவனுக்குத்தான் இப்படியெல்லாம் சமாதானம் தோன்றும்! இரண்டு விஷத்திலும் ஒரே சாயல் புரதம் உண்டு, முதல் கொட்டை மறக்காத உடம்பு அடுத்த கொட்டுக்குத் தாறுமாறாகத் துள்ளும் என்று கல்லூரி கல்லூரியாகப் போய் வகுப்பெடுத்தவனும் இவனேதான்.

நான்கு மணி நேர ஏற்றம். கயிற்றில் தொங்கியபடி நவநீதனும் காளியப்பனும் கூட்டைப் பையால் மூடி, பாறையோடு ஒட்டிய அடியை அறுத்தார்கள். கூடு கையில் வந்துவிட்டது! வெளியே சுற்றிய கதண்டுகள் பாய்ந்தன. நவநீதனின் கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே ஒன்று கொட்டியது.

மேலே ஆக்னஸிடம் வந்ததும் உள்ளங்கை அரித்தது. உதடு வீங்கியது.

"நவநீதா, குரல் ஏன் கம்முது?"

"ஒண்ணுமில்லக்கா" என்று அப்போதும் சொன்னான். அடுத்த நிமிடம் சரிந்து விழுந்தான்.

ஆக்னஸ் அவன் தொடையில் அட்ரினலின் ஊசியைக் குத்தினார். போதவில்லை. சில நிமிடங்களில் இன்னொன்று. கொண்டு வந்ததே இரண்டுதான். மூச்சு மெல்லத் திரும்பியது. போர்வையில் கிடத்தி இருவரும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கூடு ஆக்னஸின் முதுகில் பத்திரமாக வந்தது.

மலையடிவார மருத்துவமனையில் கண் விழித்த நவநீதன், பக்கத்துக் கட்டிலில் காளியப்பனைப் பார்த்தான். அவருடைய வலக்கை முழங்கை வரை வீங்கியிருந்தது.

"உங்களையும் கொட்டுச்சா?"

"நாலு கொட்டு, சார். தலை கொஞ்சம் சுத்துச்சு."

"ஏன் சொல்லல?"

"ஊசிதான் தீந்துபோச்சே. சொன்னா ஆக்னஸ் அம்மா பயந்துருவாங்க. உங்கள யாரு தூக்குறது?"

நவநீதனுக்கு உடம்பு கூசியது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கூடு உடையாம வந்துருச்சு, ஜெயிச்சுட்டோம்" என்று சிரித்தபடி ஆக்னஸ் உள்ளே வந்தார். அந்தச் சிரிப்பு இன்னும் சுட்டது.

"அக்கா, என்னை முன்னாடியே கொட்டிருக்கு. தெரிஞ்சேதான் வந்தேன்."

ஆக்னஸின் சிரிப்பு நின்றது. காளியப்பன் வீங்கிய கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"அடுத்த தடவை சொல்லிருங்க, சார்" என்றார். நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது நவநீதனுக்கு.