பெருங்காவலரின் பயம்

காலை ஏழரைக்கு, நாட்டை ஆளும் பெருங்காவலருக்கு வரவேண்டிய பயம் வழக்கம்போல அறவாழிக்கு வந்தது. அமைச்சரவைக் கூட்டத்தின் நடுவே பெருங்காவலர் நிம்மதியாக உளுந்தவடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்ற அந்தரங்கச் செயலாளன் அறவாழி கதவையும் சன்னலையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் சட்டைக் காலரில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அமைச்சர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

எல்லாம் அச்சமாற்றியின் வேலை. பெருங்காவலரின் காதுக்குப் பின்னால் பதித்திருந்த சில்லு, அவர் மூளையில் பயம் முளைத்ததுமே அதை உறிஞ்சி, அறவாழியின் காதுக்குப் பின்னால் இருந்த சில்லுக்கு அனுப்பி, அவன் காலர் விளக்கை எரியவைக்கும். ஒன்பது வருடமாக அவர் திறந்த காரில் ஊர்வலம் போகிறார், படுத்ததும் தூங்குகிறார். யாரைக் கண்டு பயப்படவேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்வது அறவாழியின் உத்தியோகம். அவன் பெயர் சொன்ன ஆள் மறுநாள் இருக்கமாட்டான்.

அதை அவன் எவ்வளவு யோக்கியமாகச் செய்தான் என்று மட்டும் கேட்காதீர்கள். விளக்கு எரிந்தால் போதும், தனக்கு ஆகாத பெயராகப் பார்த்து எடுத்து விடுவான். அமைச்சர்கள் அவனை மனதுக்குள் நாயே என்று திட்டிக்கொண்டு, வெளியே எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள்.

அன்று நீர்வளத்துறை அமைச்சர் மருதையனின் பெயரைச் சொன்னான். போன வாரம் அவர் இவனுக்கு வணக்கம் வைக்க மறந்திருந்தார். அவரை இழுத்துப் போனார்கள், விளக்கும் அணைந்தது. மற்றவர்கள் கலைந்தபோது பெருங்காவலர் அறவாழியை மட்டும் இருக்கச் சொன்னார். இதுவரை அப்படிச் சொன்னதே இல்லை. அதைக் கேட்டதும் அறவாழியின் காலரில் விளக்கு மறுபடி எரிந்தது.

"யாரு?" என்றார் பெருங்காவலர்.

அறவாழி தளபதியின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தான்.

"இங்க இல்லாதவன் பேரச் சொல்லாத. நான் இப்ப பார்த்துக்கிட்டு இருக்கறது உன்னைத்தான்."

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. "ஐயா, இது உங்க பயம் இல்லீங்க. என்னோட சொந்தப் பயம். விளக்குக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதுங்க."

சத்தியமான உண்மை. கருவியைச் செய்த டாக்டர் திலோத்தமை முதல் வாரமே அவனைத் தனியே அழைத்து இதைச் சொல்லியிருந்தாள். இது வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்று மறுநாளே அவள் பெயரைச் சொல்லிவிட்டான். இப்போது அவனுக்குச் சாட்சி சொல்ல நாட்டில் ஓர் ஆள் இல்லை.

ஆனால் சாட்சி தேவைப்படவில்லை. பெருங்காவலர் அப்படியே நம்பினார்.

"அப்போ என் தம்பி பேரச் சொன்னியே," என்றார் மெதுவாக. "அது யார் பயம்?"

அறவாழி கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தான். பெருங்காவலர் மணியை அழுத்தினார். உள்ளே வந்த இரண்டு காவலர்கள் அவனைப் பிடித்து, காதுக்குப் பின்னால் இருந்த சில்லைப் பிடுங்கினார்கள்.

இனி அந்தப் பயத்துக்குப் போக வேறு இடமில்லை. பெருங்காவலரின் முகம் வெளிறியது. சுவரோடு ஒட்டிக்கொண்டு, விரலை நீட்டி, அவரே பெயர் சொல்ல ஆரம்பித்தார். முதலில் அறவாழி. அடுத்து, அவன் வலது கையைப் பிடித்திருந்த காவலன். பிறகு இடது கையைப் பிடித்திருந்தவன்.

இரண்டு காவலர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அறவாழியின் கைகளை விட்டுவிட்டுப் பெருங்காவலர் பக்கம் திரும்பினார்கள்.