அறுநூறு விநாடி

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆபீசில் வந்து உட்கார்ந்தபோது, சர்வரில் ஓடிக்கொண்டிருந்த வேலைகளின் பட்டியலில் 'வாண்டு' என்று ஒரு பெயர் இருந்தது. அவன் மகளை வீட்டில் கூப்பிடும் பெயர். அவனுடைய லாகின் கணக்கில்தான் ஓடியது, ஆனால் அவன் ஓட்டவில்லை. விசிறிகளின் இரைச்சல் மூச்சு வாங்குவதுபோல ஏறி ஏறி இறங்க, சூடேறிய தூசியின் வாடை அறை முழுக்க அப்பிக்கொண்டு நின்றது.

எவனோ வம்புக்கு இழுக்கிறான் என்று நினைத்தான். அந்த ஆபீசில் சர்வரில் ஓடும் எந்த வேலையையும் நேரே கொல்ல மாட்டார்கள். கொன்றால் யார் கொன்றது என்று கேள்வி வரும். இத்தனை விநாடிதான் உழைக்கலாம் என்று வரம்பு வைத்துவிட்டால் அது தானாக முட்டிச் சாகும், பழி வரம்பின் மேல் போகும். அவனும் அறுநூறு விநாடி என்று வைத்தான். பழக்கதோஷம், அந்த வரம்பை எதுவரை ஏற்றலாம் என்ற மேல்வரம்பையும் சேர்த்தே இறக்கிவிட்டான். அதை இறக்க யாராலும் முடியும். திரும்ப ஏற்ற, சர்வரின் தலைமைச் சாவியான ரூட் பாஸ்வேர்டு வேண்டும். அது மேனேஜரிடம் மட்டும்தான், அவர் விமானத்தில் இருந்தார்.

அந்த வேலை ஏற்கெனவே ஐந்நூற்றுப் பத்து விநாடி ஓடியிருந்தது.

மனைவி போன் செய்தாள். பள்ளியிலிருந்து வந்த குழந்தைக்குத் திடீரென்று மூச்சுத் திணறுகிறதாம், ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டாளாம். பின்னால் மகள் மூச்சை இழுப்பது கேட்டது. திரையில் எண் ஒன்று கூடியது. இன்னொரு மூச்சு. இன்னொன்று.

வரம்பை ஆயிரமாக்கினான். அனுமதி இல்லை. லட்சமாக்கினான். அனுமதி இல்லை. மேஜைப் போனில் கூப்பிட்டுப் பார்த்தான், மேனேஜரின் போன் அணைந்தே கிடந்தது.

"அவள அசையாம படுக்க வை. மெதுவா மூச்சு விடச் சொல்லு."

"என்னங்க சொல்றீங்க?"

ஐந்நூற்றுத் தொண்ணூறு. பாழாய்ப்போன கை. யாரென்றுகூடப் பார்க்கவில்லையே. தொண்ணூற்றெட்டு. ஒன்பது.

அறுநூறு.

போனில் சத்தமே இல்லை. பட்டியலில் அந்த வரி மறையவில்லை. பெயருக்குப் பக்கத்தில் செத்ததற்கான குறி மட்டும் விழுந்திருந்தது. செத்த வேலையை, அதைப் பெற்றெடுத்தது வந்து ஏற்றுக்கொள்ளும்வரை, பட்டியலிலிருந்து யாராலும் எடுக்க முடியாது. பெற்றது யார் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது.

"மூச்சு இல்லங்க," என்றாள் மனைவி. குரல் மரத்திருந்தது. "நெஞ்சு துடிக்கல. உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு. ஆனா எழுந்து உட்கார்ந்திருக்கா. கண்ணு கொட்டாம வாசலையே பாக்குறா. அப்பா வந்தாத்தான் போவேங்கிறா."