சுத்தமான திரை

பரிமளம் இறந்து மாதங்கள் ஆகியும் அவருடைய வீட்டுக் கதவு வருகிறவர்களை நலம் விசாரிப்பதை நிறுத்தவில்லை. செம்பாறையில் இதற்காக யாரும் வியப்பதில்லை. செவ்வாய்க் கோளின் தரைக்கடியில் பாறையைக் குடைந்து அமைத்த அந்தக் குடியிருப்பில் எல்லார் வீட்டுக் கதவிலும் ஒரு மறுமொழியன் உண்டு. மணியை அழுத்தினால் வீட்டுக்காரரின் குரலில் அதுவே பதில் சொல்லிவிடும். வீட்டில் ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பதில் தவறாது. இறந்தவரின் மறுமொழியனை நிறுத்த உறவினர் விண்ணப்பம் தர வேண்டும். பரிமளத்துக்கு உறவினர் இல்லை. அதனால் அவருடைய குரல் மட்டும் கதவில் தங்கிவிட்டது.

வியப்பெல்லாம், அந்த மணியைத் தினமும் யாரோ அழுத்துகிறார்கள் என்பதில்தான்.

அதை முதலில் கவனித்தவள் தெய்வானை. அவளுக்குக் கண்காணிப்பு அறையில் வேலை. குடியிருப்பின் ஒவ்வொரு கதவும், விளக்கும், காற்றுக்குழாயும் தனக்கு எது நேர்ந்தாலும் அதை ஒரு வரியாக எழுதி அனுப்பும். அத்தனை வரிகளையும் வாங்கித் தரம் பிரித்துத் திரையில் ஓடவிடுவது ‘காவலி’ என்ற மென்பொருள். வெள்ளை வரி என்றால் எல்லாம் வழக்கம்போல. மஞ்சள் என்றால் போய்ப் பார்க்க வேண்டியது. சிவப்பு என்றால் ஓட வேண்டியது. மஞ்சள் வரி வந்தால் ‘அறிந்தேன்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். வரி திரையை விட்டுப் போய்விடும். அதே குறை மறுபடி வந்தாலும் காவலி அதைப் பற்றி வாய் திறக்காது.

அந்த அறையில் ஒரு மரியாதை இருந்தது. பணி முடிந்து போகிறவர், அடுத்து வருகிறவருக்குத் திரையில் ஒரு மஞ்சள் வரிகூட இல்லாமல் ஒப்படைப்பார். சமைத்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவது போல. வருகிறவர் சுத்தமான திரையின் முன் நிம்மதியாக உட்காருவார்.

தெய்வானைக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பழக்கம் உண்டு. வெள்ளை வரிகளையும் படிப்பாள். எந்தப் பெயர் கண்ணில் பட்டாலும் மனதுக்குள் ‘நல்லா இருக்கட்டும்’ என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வாள். கடவுளும் இப்படித்தான் எல்லார் வரியையும் வாங்கிப் படிக்கிறார் என்பது அவள் நம்பிக்கை. அவரிடம் ‘அறிந்தேன்’ பொத்தான் இருக்காது என்பது அவளுடைய ஆறுதல்.

அப்படிப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் அந்த வெள்ளை வரி ஓடியது. ‘தெற்குத் தாழ்வாரம். பரிமளம் வீடு. மணி அழுத்தப்பட்டது. பதில் தரப்பட்டது. தாழ்வாரத்தில் ஆள் இல்லை.’

மறுநாள் மாலையும் அதே வரி. அதற்கடுத்த நாளும். தெய்வானை தாழ்வாரத்தின் படத்தை ஓட்டிப் பார்த்தாள். தெற்குத் தாழ்வாரத்தில் வீடுகள் எல்லாம் காலி என்று காவலி சொல்கிறது. ஆனால் அசைவு பட்டால் மட்டுமே எரிகிற விளக்குகள் கோடியிலிருந்து ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு வந்தன, யாரோ மெதுவாக நடந்து வருகிற வேகத்தில். பரிமளத்தின் கதவருகே அந்த வெளிச்சம் நின்றது. மணிப் பொத்தான் தானாக உள்ளே அமுங்கியது. ‘வாங்க, வாங்க. முகம் ஏன் வாடியிருக்கு? சாப்பிட்டீங்களா?’ என்றது செத்தவரின் குரல். வெறும் தாழ்வாரம் அதைக் கேட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றது. பிறகு விளக்குகள் வந்த வழியே அணைந்துகொண்டு போயின.

தெய்வானை, பணி மாறிக்கொள்ள வந்த நசீமாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். நசீமா படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, “பேயா இருந்தா மணி எதுக்குக்கா அடிக்கணும்? கதவுக்குள்ளயே பூந்து போயிடுமே” என்றாள். அவள் சிரித்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அந்த வாரம் இது வெறும் அச்சத்தோடு முடிகிற காரியமாக இல்லை. தெற்குத் தாழ்வாரத்தை மூடிவிடுவதென்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. ஆளில்லாத இடத்துக்குக் காற்று அனுப்புவானேன்? வெள்ளிக்கிழமை காற்றுக்குழாயை அடைப்பார்கள். அதற்கு முன் ‘உள்ளே ஆள் இல்லை’ என்று கண்காணிப்பு அறையிலிருந்து ஒருவர் உறுதி தர வேண்டும். முறைப்படி அது தெய்வானையின் பொறுப்பு.

மேலாளர் குலசேகரன் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். விளக்கு எரிவது ஒரு பழுது, பொத்தான் அமுங்குவது இன்னொரு பழுது என்று அவர் பொறுமையாகவே விளக்கினார். “ரெண்டு பழுது சேர்ந்து வந்தா உங்களுக்குப் பேய் ஆயிடுது. காவலி ஆள் இல்லைன்னு சொல்லுதுல்ல? உறுதி குடுத்துட்டு வேலையைப் பாருங்கம்மா.”

காவலி எப்படி ஆளைக் காண்கிறது என்பது தெய்வானைக்குத் தெரியும். பிறந்த குழந்தைக்குக்கூட மணிக்கட்டில் ஒரு நாடிச்சில்லு பதித்திருக்கும். அது துடிக்கிற இடத்தில் ஆள் இருப்பதாகக் காவலி குறித்துக்கொள்ளும். சில்லு இல்லாமல் அசைகிற எதையும் செந்தூசி என்று படத்திலிருந்தே துடைத்துவிடும். தூசிப் புயல் காலத்தில் பொய் எச்சரிக்கைகள் தாங்க முடியாமல் ஊரே கேட்டுக்கொண்டு செய்துவைத்த ஏற்பாடு அது.

அப்படியானால் தூசிதான் மணியை அழுத்துகிறதா? தூசி எதற்குக் கதவோடு நின்று பேச வேண்டும்?

வியாழக்கிழமை மாலை அவள் தெற்குத் தாழ்வாரத்துக்குப் போனாள். வீட்டிலிருந்து புறப்படும்போது முருகன் படத்துக்கு முன் கைகூப்பிக்கொண்டாள். தாழ்வாரம் குளிர்ந்து கிடந்தது. பரிமளத்தின் கதவருகே சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் தலைக்கு மேல் இருந்த விளக்கு மட்டும் எரிந்தது.

கோடியில் ஒரு விளக்கு எரிந்தது. அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. தெய்வானை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். செருப்பு தேய்கிற ஓசை கேட்டது. பேய் செருப்புப் போடுமா என்று யோசித்தபோதுதான் கண்ணைத் திறக்கத் துணிவு வந்தது.

ஒரு கிழவர் நின்றிருந்தார். ஒரு காலைச் சற்று இழுத்து நடக்கிறவர். தோளில் துண்டு. அவளைக் கண்டு அவர்தான் அதிகம் பயந்துபோயிருந்தார். சிலுவை போட்டுக்கொண்டு, விரல் நுனியால் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்.

“யம்மா, நீ நிசமான ஆளா?”

அவர் பெயர் சவரிமுத்து. பழைய நீரேற்று நிலையத்தில் எந்திரம் ஓட்டியவர். தாழ்வாரத்தின் கடைசி வீட்டில்தான் இன்னமும் குடியிருந்தார். ஒருநாள் கொதிநீர் தெறித்து மணிக்கட்டு வெந்தபோது சில்லு செத்துப்போனது. அன்றிலிருந்து பொது அடுக்களையில் தட்டை நீட்டிச் சோறு வாங்குவதைத் தவிர ஊரில் வேறு எதற்கும் அவர் கணக்கில் இல்லை. கண்காணிப்பு அறைக்கு முறையிடப் போனாராம். அந்தக் கதவிலும் மறுமொழியன். ‘நலம். உங்கள் குறை பதிவாகிவிட்டது’ என்றதாம். அடுத்தடுத்துப் போய்ப் பார்த்தும் அதே பதில். மகன் வடக்குத் தாழ்வாரத்தில் இருக்கிறான். அவன் கதவும் ‘நலம். வேலையாக இருக்கிறேன். பிறகு பேசலாம்’ என்று சொல்லும். எல்லாக் கதவுகளும் சொல்கிற, தொழிற்சாலையிலிருந்தே வருகிற வாசகம் அது. அதை மாற்றிக்கொள்ள யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

பரிமளத்துக்கு இருந்தது. தன் கதவுக்கு வருகிறவர்கள் ஒரே பதிலைக் கேட்டுச் சலித்துவிடக் கூடாதென்று, ஓய்வு பெற்ற பிறகு மாதக்கணக்கில் உட்கார்ந்து புதிது புதிதாகப் பேசிப் பதிந்து வைத்தவர் அவர். ஒருநாள் முழங்கால் வலியைக் கேட்கும். ஒருநாள் ரசத்துக்கு என்ன தாளிப்பது என்று சொல்லும்.

“அவங்க போயிட்டாங்கன்னு தெரியும்மா” என்றார் சவரிமுத்து. “பெட்டிய நானும்தான் தூக்குனேன். ஆனா சாப்பிட்டியான்னு கேக்குற கதவு இந்த ஊர்ல இது ஒண்ணுதான் இருக்கு.”

நாளைக்குக் காற்றை அடைக்கப் போகிறார்கள் என்பதைத் தெய்வானை அவரிடம் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்து நேராகக் குலசேகரனிடம் கூட்டிப்போனாள்.

குலசேகரன் கிழவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். திரையில் தெரிந்த அறையில் குலசேகரனும் தெய்வானையும் மட்டுமே நின்றுகொண்டிருந்தார்கள். அவர் முகம் வெளுத்துவிட்டது. பழைய வரிகளைத் தோண்டியபோது கிடைத்தது: ‘சவரிமுத்து. நாடிச்சில்லு பதில் இல்லை.’ மஞ்சள் வரி. பக்கத்திலேயே ‘அறிந்தேன்’. அழுத்திய கை நசீமாவுடையது. அன்று நசீமாவுக்கு அடுத்த பணிக்குத் தெய்வானை காய்ச்சலோடு வந்திருந்தாள். அவளுக்குப் பாரம் வைக்க வேண்டாமே என்றுதான் நசீமா திரையைச் சுத்தமாக்கிக் கொடுத்திருக்கிறாள். அதைப் படித்துவிட்டு நசீமா அழுதாள். இனி எந்த மஞ்சள் வரியையும் படிக்காமல் தொடுவதில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

நிர்வாகம் வேகமாக நடந்துகொண்டது. சவரிமுத்துவுக்கு வடக்குத் தாழ்வாரத்தில், தெய்வானை வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, புது வீடு. புதுச் சில்லு அடுத்த கப்பலில் வரும். அவர் கதவுக்கும் புத்தம்புது மறுமொழியன் மாட்டினார்கள். பரிமளத்தின் கதவை நிறுத்திவிட்டுத் தெற்குத் தாழ்வாரத்தை மூடினார்கள். அந்தக் குரலையாவது எடுத்துவைக்கலாமே என்று தெய்வானை கேட்டுப் பார்த்தாள். உறவினர் விண்ணப்பம் இல்லாமல் முடியாதாம்.

அவளால் முடிந்தது ஒன்றுதான். சவரிமுத்துவிடம் போய், “நாளைக்கு எனக்கு லீவு. சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வாங்கய்யா. ரசம் வெச்சு வைக்கிறேன், சேர்ந்து சாப்பிடுவோம்” என்றாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வருவதாகத் தலையாட்டினார்.

மறுநாள் மாலை தெய்வானை தரையைத் துடைத்தாள். தட்டு இரண்டு எடுத்துவைத்தாள். பரிமளத்தின் கதவு சொல்லுமாமே, அதே முறையில் ரசத்தைக் கூட்டினாள். தாளிப்பு வெடித்துக்கொண்டிருந்தபோது மணி அழுத்தும் ஓசை கேட்டது. கரண்டியும் கையுமாக அவள் திரும்புவதற்குள் வாசலில் ஒரு பெண் குரல் பேசிவிட்டது.

“நலம். வேலையாக இருக்கிறேன். பிறகு பேசலாம்.”

அது அவளுடைய குரல்தான்.

கதவைத் திறந்தபோது வாசலில் யாரும் இல்லை. தாழ்வாரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு போயின. கடைசி விளக்கு திருப்பத்தைத் தாண்டிவிட்டது. தெய்வானை வெறுங்காலோடு, கையில் கரண்டியோடு, “ஐயா, நில்லுங்கய்யா” என்று கூவிக்கொண்டே ஓடினாள்.

அந்நேரம் கண்காணிப்பு அறையில் நசீமாவின் பணி முடிகிற வேளை. திரையில் மஞ்சளாக ஒரு வரி வந்து விழுந்தது. ‘வடக்குத் தாழ்வாரம். தெய்வானை ஓடுகிறார். முன்னால் ஆள் இல்லை. காரணம் தெரியவில்லை.’

நசீமா அதைப் படித்தாள். முழுவதும், ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். அக்காவுக்கு என்னவோ என்று மனம் ஒரு நொடி பதறியது. எட்டிப்போய்ப் பார்க்கலாமா? அதற்குள் அடுத்த பணிக்காரர் உள்ளே வந்து, சட்டையில் ஒட்டிய செந்தூசியைத் தட்டிக்கொண்டே நாற்காலியை இழுத்தார். பாவம், களைத்துப்போய் வந்திருக்கிறார். மஞ்சள் வரியோடு எப்படி ஒப்படைப்பது?

அக்காவை நாளைக்கு விசாரித்துக்கொள்ளலாம் என்று எண்ணியபடி அவள் பொத்தானை அழுத்தினாள். திரை சுத்தமாக இருந்தது.